பாட்டுக்கு முந்தியது பத்திரிகை: கண்ணதாசனின் அரசியல் எழுத்து

1954-இல் ‘தென்றல்’ என்ற வார இதழ் வெளிவரத் தொடங்கியபோது அதன் ஆசிரியர் கண்ணதாசனுக்கு வயது 27. அதற்குள் சில பத்திரிகைகளின் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. கல்லக்குடிப் போராட்டத்தில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிச் சிறைக்குப் போய்த் திரும்பியாகிவிட்டது. சினிமாவுக்குப் பாட்டும் வசனமும் எழுதிக் கை பழகியாகிவிட்டது. கால வரிசையில் பார்த்தால் பாட்டு பின்னால்தான் வருகிறது. ‘கன்னியின் காதலி’க்கு அவர் முதல் திரைப்பாடல் எழுதியது 1949-இல். பத்திரிகை வேலையில் சேர்ந்தது 1944-இல்.

காரைக்குடியில் புதுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அங்கே நின்று யாரைக் கேட்டாலும் நாலு பாட்டு சொல்வார்கள். தத்துவப் பாட்டு ரெண்டு, காதல் பாட்டு ரெண்டு. கொஞ்சம் வயதானவர்கள் ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ என்பார்கள். வாராவாரம் தலையங்கம் எழுதி, கட்சிக்காரர்களோடு மல்லுக்கட்டி, அதற்காக வசவு வாங்கிய ஆசிரியர் கண்ணதாசனை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த ஆசிரியரை வைத்துத்தான் அவருடைய உரைநடைப் புத்தகங்களைப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் வாதம். அவற்றின் பலமும் பலவீனமும் வார இதழ் மேசையிலிருந்து வந்தவை.

முதலில் ஊரைச் சொல்லியாக வேண்டும். செட்டிநாடு என்றால் ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்கும் என்று சுற்றுலாக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வீடுகளைக் கட்டிய அதே தலைமுறை பத்திரிகைகளும் நடத்தியது. 1917-இல் காரைக்குடியில் சொ. முருகப்பாவும் நண்பர்களும் சேர்ந்து இந்து மதாபிமான சங்கம் தொடங்கினார்கள். பெயரைக் கேட்டால் பஜனை மடம் போலத் தோன்றும். நடந்ததெல்லாம் சீர்திருத்தப் பேச்சு. 1919 நவம்பரில் பாரதியார் அங்கே வந்து தங்கினார், சங்கத்தை வாழ்த்திப் பாடினார். கையில் தடியோடு அவர் உட்கார்ந்திருக்கும் படம், நாம் எல்லோரும் பார்த்திருப்பது, அப்போது எடுத்ததுதான்.

அடுத்த வருஷமே ‘தனவைசிய ஊழியன்’ பிறந்தது. ஆசிரியர் ராய. சொக்கலிங்கம். தொடக்கத்தில் அது நகரத்தார்களுக்குள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குள், புழங்கிய பத்திரிகை. கல்யாணச் செலவு, சீர், பெண் படிப்பு, கடல் கடந்த தொழில் என்று சமூகத்துக்குள்ளேயே சண்டை போட வேண்டிய விஷயங்கள் நிறைய இருந்தன. கொஞ்ச காலத்தில் முன்னால் இருந்த ‘தனவைசிய’ உதிர்ந்து வெறும் ‘ஊழியன்’ ஆயிற்று. எழுத்தும் ஊர்ச் சண்டையிலிருந்து நாட்டு அரசியலுக்கு நகர்ந்தது. புதுமைப்பித்தன் சில காலம் அதில் உதவியாசிரியராக இருந்தார். இன்னொரு பக்கம் சொ. முருகப்பாவின் ‘குமரன்’. விதவை மறுமணத்தை ஆதரித்து எழுதியதோடு நிற்காமல் தானே செய்துகாட்டியவர் முருகப்பா. 1927-இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோது சிராவயலில் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர் ஜீவாவை, பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ப. ஜீவானந்தத்தை, பார்த்தார். கோட்டையூரிலிருந்து ஏ.கே. செட்டியார் கிளம்பினார், ரங்கூனில் ‘தனவணிகன்’ ஆசிரியராக இருந்துவிட்டு, அப்புறம் ‘குமரி மலர்’ நடத்தினார். ராயவரத்திலிருந்து ‘சக்தி’ வை. கோவிந்தன்.

ஒரு சின்ன வட்டாரத்திலிருந்து இத்தனை பேரா என்றால், காரணம் ரொம்பச் சாதாரணம். பர்மா, மலேயா, இலங்கை என்று பெட்டியடி (வட்டிக்கடை) வைத்திருந்தவர்களுக்குச் செய்தி தேவைப்பட்டது. காகிதத்துக்கும் அச்சுக்கும் போடக் கையில் காசு இருந்தது. படித்துவிட்டு வீட்டில் இருந்த இளைஞர்களுக்கு வேலையும் வேண்டியிருந்தது. 1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான். அதோடு பல குடும்பங்களின் ‘கொண்டுவிக்கிற’ தொழில், அதாவது கடல் கடந்து போய்ச் செய்த தொழில், படுத்துவிட்டது. அப்பச்சி போன கப்பலில் மகன் போக முடியாது என்று ஆன பிறகு, சென்னைக்கு ரயில் ஏறி அச்சகம், பதிப்பகம், சினிமாக் கம்பெனி என்று நுழைந்த ஒரு தலைமுறை உண்டு. ஏவி. மெய்யப்பன் காரைக்குடியிலேயே ஸ்டுடியோ போட்டு ‘நாம் இருவர்’ எடுத்ததும் இதே கதையின் ஒரு பகுதிதான்.

இந்தத் தலைமுறையின் கடைக்குட்டிகளில் ஒருவர் கண்ணதாசன். 1927 ஜூன் 24-இல் சிறுகூடற்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் முத்தையா. பிள்ளைகள் நிறைந்த வீடு. காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக் (சுவீகாரம்) கொடுத்தார்கள். அங்கே பெயர் நாராயணன். நகரத்தார் வழக்கத்தில் பிள்ளை கூட்டுவதற்குத் தொகை பேசுவார்கள். தன் விலை ஏழாயிரம் ரூபாய் என்பதை அவர் பிற்காலத்தில் மறைக்கவே இல்லை. படிப்பு அமராவதிபுதூரில் எட்டாம் வகுப்போடு சரி. 1943-இல் சென்னைக்கு ஓடி, திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் கூலிக்கு நின்று, ஊர் திரும்பி, புதுக்கோட்டையிலிருந்து வந்த ‘திருமகள்’ பத்திரிகையில் வேலை கேட்டுப் போனார். பெயர் என்ன என்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னார். அதுதான் கண்ணதாசன்.

அந்த வயதில் கிடைத்த வேலை சாதாரண வேலை இல்லை. அன்றைய சிறு பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர் என்றால் எல்லாமும் அவர்தான். வந்த கதையைத் திருத்த வேண்டும், தலையங்கம் எழுத வேண்டும், ப்ரூப் பார்க்க வேண்டும், படம் போட இடம் ஒதுக்க வேண்டும். எட்டுப் பக்கம் ஒரு பாரம். கடைசிப் பாரத்தில் கால் பக்கம் காலியாக இருக்கிறது என்று கம்பாசிட்டர் வந்து நிற்பார். ‘மேட்டர்’ கொடுத்தால்தான் அவர் எழுத்துக் கோத்து மெஷினுக்கு அனுப்ப முடியும். யோசிக்க நேரம் இருக்காது. கால் பக்கத்துக்கு ஒரு கவிதை, இல்லாவிட்டால் ஒரு துணுக்கு, இல்லாவிட்டால் யாரையாவது ஒரு இடி. பிற்காலத்தில் பாட்டுக்கு மெட்டுப் போட்ட உடனே பல்லவி சொல்வார், காத்திருக்க வைக்க மாட்டார் என்று இசையமைப்பாளர்கள் வியந்ததாகக் கதை கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. கம்பாசிட்டருக்குப் பதில் சொல்லிப் பழகிய ஆளுக்கு மெல்லிசை மன்னர் எம்மாத்திரம்!

‘திருமகள்’, ‘திரை ஒலி’, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘சண்டமாருதம்’ என்று கை மாறி, 1949-இல் தி.மு.க. பிறந்தபோது அதன் கூட்டத்தோடு கலந்தார். 1953 ஜூலை 15. டால்மியாபுரம் என்ற பெயரை எடுத்துவிட்டுக் கல்லக்குடி என்று வைக்கச் சொல்லிப் போராட்டம். முதல் அணிக்கு மு. கருணாநிதி, இரண்டாம் அணிக்குக் கண்ணதாசன். சிறையில் இருந்த காலத்தில் ‘மாங்கனி’ என்ற காவியத்தை எழுதினார். வெளியே வந்து ‘தென்றல்’.

இங்கே அந்தக் காலத்துக் கட்சிப் பத்திரிகை உலகத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘தென்றல்’ ஏன் முக்கியம் என்பது பிடிபடாது. தி.மு.க.வில் கொஞ்சம் பேர் சொல்லக்கூடிய தலைவர் என்றால் அவரிடம் ஒரு பத்திரிகை இருக்கும். அண்ணாவுக்கு ‘திராவிட நாடு’, கருணாநிதிக்கு ‘முரசொலி’, நெடுஞ்செழியனுக்கு ‘மன்றம்’, மதியழகனுக்குத் ‘தென்னகம்’, ஏ.வி.பி. ஆசைத்தம்பிக்குத் ‘தனியரசு’. கட்சிக்கு வானொலி இல்லை, பெரிய நாளிதழ்கள் மதிக்கவில்லை. அதனால் இந்த வார இதழ்கள்தான் வாய். கிளைக் கழகத்துப் படிப்பகங்களிலும் சலூன் பெஞ்சுகளிலும் டீக்கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பார்கள். காதால் கேட்கப்படும் உரைநடை அது. அடுக்குமொழியும் எதுகை மோனையும் அங்கே அழகுக்காக வரவில்லை. கேட்டவன் அடுத்த தெருவில் போய்த் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதற்காக வந்தன.

இன்னொரு வேலையும் இந்த இதழ்கள் செய்தன. கட்சிக்குள் யாருக்கு எவ்வளவு ஆள் பலம் என்பதை எடை போட்டுக் காட்டின. எந்தத் தலைவரின் இதழ் எத்தனை பிரதி போகிறது, எந்த ஊர் ஏஜென்ட் யாருடைய இதழுக்குப் பாக்கி வைக்காமல் பணம் அனுப்புகிறார் என்பதெல்லாம் அரசியல் தகவல்கள். ஆகவே பத்திரிகை நடத்துகிறவர் ஒரே சமயத்தில் கட்சித் தொண்டர், குறுநில மன்னர், கடனாளி மூன்றுமாக இருப்பார். கண்ணதாசனும் அப்படித்தான் இருந்தார்.

‘தென்றல்’ மற்ற கட்சி இதழ்களைப் போல இருக்கவில்லை. அரசியல் கட்டுரைக்குப் பக்கத்திலேயே வெண்பாப் போட்டி நடத்தினார். ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வது பண்டிதர் விளையாட்டு. அதைக் கட்சிப் பத்திரிகையில் வைத்து, தளை தட்டாமல் எழுதும் பழக்கத்தை ஓர் இளைஞர் கூட்டத்துக்கே உண்டாக்கினார். காரைக்குடிப் பக்கத்து ஆளுக்கு இது வித்தியாசமாகத் தோன்றியிருக்காது, சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் அது. இலக்கியமும் அரசியலும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவது அங்கே வழக்கம். புனைபெயர்களும் நிறைய வைத்திருந்தார்: காரை முத்துப்புலவர், வணங்காமுடி, பார்வதிநாதன், ஆரோக்கியசாமி, துப்பாக்கி. ஒரே ஆள் ஒரு இதழை நிரப்ப வேண்டுமானால் இத்தனை பெயர் தேவைப்படத்தான் செய்யும்.

அவருடைய உரைநடை அண்ணாவின் பள்ளியில் பிறந்ததுதான், ஆனாலும் சீக்கிரமே விலகிவிட்டது. அண்ணா ஒரு வாக்கியத்தை வளைத்து, தொங்கவிட்டு, கடைசியில் முடிச்சு அவிழ்ப்பார். கண்ணதாசன் சட்டென்று வெட்டுவார். நாலு சொல், முற்றுப்புள்ளி. அடுத்த வரியில் ஒரு உவமை. அதற்கடுத்த வரியில் எதிராளியின் பெயர். பாட்டெழுதும் கை என்பதால் வாக்கியத்தின் ஓசை அவருக்குத் தானாக வந்தது. வாதத்தைப் படிப்படியாகக் கட்டுவதில் அவருக்குப் பொறுமை கிடையாது. புள்ளிவிவரம் அவர் கட்டுரைகளில் அபூர்வம். ஒரு சம்பவம், ஒரு ஆள், ஒரு கோபம். அது போதும் அவருக்கு.

1957 சட்டமன்றத் தேர்தலில் திருக்கோஷ்டியூர் தொகுதியில் நின்று தோற்றார். கட்சி முதன்முதலாகத் தேர்தலில் இறங்கி 15 இடங்களைப் பிடித்த வருஷம் அது. இராமானுசர் கோபுரத்தில் ஏறி ரகசிய மந்திரத்தை ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்ன அதே திருக்கோஷ்டியூர். ரகசியம் காக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த ஊருக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் போலிருக்கிறது. 1959-இல் சொந்தமாக ‘சிவகங்கைச் சீமை’ எடுத்தார். மருது சகோதரர்களின் கதை. அதே வருஷம் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னும் வந்துவிட்டது. பக்கத்துப் பாளையத்துக் கதை ஓடிய ஓட்டத்தில் சொந்தச் சீமைக் கதை எடுபடவில்லை.

அந்த 1959-இல்தான் சென்னை மாநகராட்சி தி.மு.க. கைக்கு வந்தது. வெற்றிக் கூட்டத்தில் அண்ணா கருணாநிதிக்கு ஒரு மோதிரம் அணிவித்தார். ‘வனவாச’த்தில் அதிகம் பேசப்படும் பகுதி இதுதான். தானும் ஓடி ஓடி உழைத்தோமே என்ற ஆற்றாமையில் அண்ணாவிடம் போய்க் கேட்கிறார்; நீயும் ஒரு மோதிரம் வாங்கிக்கொடு, அடுத்த கூட்டத்தில் போட்டுவிடுகிறேன் என்ற பொருளில் பதில் வருகிறது. இது கண்ணதாசன் சொல்லும் கதை. மறுதரப்புக்கு அவர்களுடைய கதை இருக்கும். மேடை உண்மையா, மோதிரம் யார் காசு என்ற ஆராய்ச்சியை விட எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. தனக்கு மோதிரம் கிடைக்கவில்லை என்ற பொறாமையை, அதுவும் இவ்வளவு சின்ன பொறாமையை, அச்சில் ஏற்ற ஒரு அரசியல்வாதி துணிந்திருக்கிறார். கொள்கை வேறுபாடு என்று ஒரு வார்த்தை போட்டு மூடியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

உண்மையில் கொள்கை வேறுபாடும் இருக்கத்தான் செய்தது. கட்சித் தலைவர்களில் ஒருவரான ஈ.வெ.கி. சம்பத், திராவிட நாடு என்ற தனிநாடு நடக்காத காரியம் என்று வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். கட்சியில் சினிமாக்காரர்களின் கை ஓங்குகிறது என்பது அவருடைய இன்னொரு புகார். (அப்படிச் சொன்னவருக்குப் பக்கபலமாக நின்றவர்களில் முக்கியமானவர் ஒரு சினிமாப் பாட்டாசிரியர். எதிர்த்தரப்பு இதைச் சும்மா விட்டிருக்குமா!) 1961 ஏப்ரலில் சம்பத் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கியபோது கண்ணதாசனும் போனார். 1962 தேர்தலில் தி.மு.க.வுக்கு 50 இடம். புதுக்கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. 1964-இல் காங்கிரசில் இணைந்துவிட்டார்கள்.

கணக்குப்படி பார்த்தால் தோல்விதான். ஆனால் பிரிவினைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தை ஒட்டி 1963-இல் தி.மு.க.வே திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1961-இல் சொன்னால் துரோகம், 1963-இல் சொன்னால் ராஜதந்திரம். அரசியலில் கருத்து எழுதுகிறவர்களுக்கு நேரும் தொல்லைகளில் இது ஒன்று: சரியாகச் சொன்னாலும் சீக்கிரமாகச் சொன்னால் செல்லாது.

சரி, ‘வனவாசம்’. பிறப்பிலிருந்து 1961 வெளியேற்றம் வரை போகும் தன்வரலாறு. இதை அவர் படர்க்கையில் எழுதியிருக்கிறார். புத்தகம் முழுக்க ‘நான்’ என்பதற்குப் பதில் ‘அவன்’. இது வெறும் உத்தி என்று தள்ளிவிட முடியாது. அவன் குடித்தான், அவன் ஏமாந்தான், அவன் ஏமாற்றினான் என்று எழுதும்போது ஆசிரியருக்கு ஒரு நாற்காலி கிடைக்கிறது; எதிரே கூண்டில் நிற்பவன் வேறொருவன் என்ற பாவனையில் தலையங்கம் எழுதும் அதே காரத்தோடு தன்னைத் திட்ட முடிகிறது. பத்து வருஷம் மற்றவர்களைப் பற்றி எழுதிய பேனாவை அப்படியே தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்தியாயங்களைப் பாருங்கள். சின்னச் சின்னதாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சம்பவத்தில் ஆரம்பித்து, ஒரு குத்தலிலோ ஒரு தத்துவத்திலோ முடியும். அடுத்த வாரம் வாசகன் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிறவர் எழுதும் முறை இது. அதனால் விறுவிறுப்பு குறைவதே இல்லை. அதனாலேயே, ஒரு கட்சி எப்படி வளர்ந்தது, ஏன் மக்கள் அதன் பின்னால் போனார்கள் என்ற பெரிய கேள்விக்கு விடை தேடிப் போனால் ஏமாற்றம்தான். மேடைக்குப் பின்புறம் தெரியும், மைதானம் தெரியாது. பெண்களைப் பற்றி வரும் பக்கங்களை இன்று படிக்கக் கூச்சமாக இருக்கிறது. அவன் செய்ததை மறைக்கவில்லை என்பது உண்மை, ஆனால் எதிரே இருந்த பெண்களுக்கு ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. தனக்குப் பிடிக்காதவர்களைப் பற்றி எழுதும்போது கேள்விப்பட்டதையும் கண்ணால் பார்த்ததையும் பிரித்துக் காட்டுவதும் இல்லை. ஒரு நல்ல செய்தியாசிரியர் மேசையில் இருந்திருந்தால் சில பத்திகளுக்குச் சிவப்பு மை விழுந்திருக்கும்.

ஆனாலும் இந்தப் புத்தகத்தில் செட்டிநாட்டு வாடை பலமாக அடிப்பதாக எனக்குப் படுகிறது. லேவாதேவி வீட்டில் பேரேடு புனிதமானது. வரவு, பற்று, வட்டி எல்லாம் அதில் ஏறும். வருஷ முடிவில் ஐந்தொகை (இருப்புக் கணக்கு) எடுப்பார்கள். ஆனால் அந்த ஏடு வெளியார் கண்ணில் படாது; பெட்டகத்துக்குள் போய்விடும். கடன் ஏறிப்போனால் வீட்டு ஆச்சிக்கே கடைசியில்தான் தெரியும். மஞ்சள் கடுதாசி கொடுப்பது, அதாவது திவாலாவது, அந்தச் சமூகத்தில் சாவுக்குச் சமானம். கண்ணதாசன் அந்த ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடுத்தெருவில் விரித்துப் போட்டார். எந்தப் படத்தில் எவ்வளவு போயிற்று, யாரிடம் வாங்கித் திருப்பவில்லை, எந்தத் தலைவரை எதற்காக நம்பினான் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கணக்கு எழுதும் பழக்கம் ஊருடையது. ஏட்டைப் பூட்டி வைக்காதது அவருடையது.

‘மனவாசம்’ இதன் தொடர்ச்சி; காங்கிரஸ் வருஷங்களும் காமராசரும். ‘வனவாச’த்தின் வேகம் இதில் இல்லை. கோபத்தில் எழுதும்போது கூர்மையாக இருந்த நடை, பக்தியில் எழுதும்போது மழுங்கிவிடுகிறது. காமராசர் மேல் அவருக்கு இருந்தது ஒருவகைப் பிள்ளைப் பாசம். 1967-இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்துப் பாட்டொன்றில் ‘சிவகாமி மகன்’ என்று வருவது, தாயார் பெயர் சிவகாமி என்பதால் காமராசருக்கு அனுப்பிய தூது என்று சொல்வார்கள். தலையங்கம் எழுத வேண்டியதைச் சினிமாப் பாட்டில் எழுதினார் என்றால், அந்த நேரத்தில் அவர் கையில் இருந்த பெரிய பத்திரிகை சினிமாதான். ‘தென்றல்’ போகாத கிராமத்துக்கும் பாட்டு போனது. 1964-இல் நேரு இறந்தபோது, சாவுக்கே ஒரு சாவு வராதா என்று அவர் கதறிய கவிதையும் பத்திரிகைக்காரன் எழுதியதுதான். செய்தி வந்த சூட்டிலேயே இரங்கல் எழுதத் தெரிந்த கை.

‘நான் பார்த்த அரசியல்’ என்ற புத்தகம் இந்த இரண்டையும் விடக் குறைவாகவே பேசப்படுகிறது. திராவிட இயக்கத்தை உள்ளே இருந்து பார்த்தவர், வெளியே வந்து நின்று எழுதியது. தன்வரலாற்றின் சோகம் இதில் கிடையாது; வாதம் தூக்கலாக இருக்கும். அவருடைய அரசியல் கட்டுரை நடை எப்படிப்பட்டது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுதான் வசதி.

1970-களில் ‘தினமணி கதி’ரில் தொடராக வந்த ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ பத்துப் பாகங்களாகப் புத்தகமானது. விற்பனையில் இதோடு போட்டி போடத் தமிழில் அதிகம் புத்தகம் இல்லை. இதை ஆன்மிக அலமாரியில் வைக்கிறார்கள். எனக்கென்னவோ இதுவும் கருத்துப் பத்திதான். முன்னாள் நாத்திகக் கட்சிப் பேச்சாளர், தான் மேடையில் கேலி செய்ததற்கெல்லாம் எதிர்க்கட்சி வக்கீலாக ஆஜராகிறார். சாஸ்திரப் பிரமாணம் குறைவு. சிறுகூடற்பட்டி நினைவு, ஊர்த் தெய்வம் மலையரசி, கிழவிகள் சொன்ன பழமொழி, பார்த்த மனிதர்கள், இவைதான் சாட்சிகள். கம்பனைக் கண்டிக்கப் படிக்கப் போய் அவனிடமே சரணடைந்ததாகத் தானே சொல்லியிருக்கிறார். சமயம் அறிந்தவர்கள் அதில் பிழை காண்பார்கள், காணட்டும். ஒரு வாரப் பத்தி எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அதில் பாடம் இருக்கிறது: கருத்தை முதல் வரியில் சொல்லாதே, கதையைச் சொல்லு.

இத்தனை மாற்றங்களையும் வைத்து அவரை நிறம் மாறுகிறவர் என்று சொல்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கவிஞர்தானே, உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ரசிகர்கள் சப்பைக்கட்டு கட்டுவார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. அவரைக் கவிஞர் என்று மன்னிப்பதை விடப் பத்திரிகையாளர் என்று அளப்பது நியாயம். கருத்து எழுதிப் பிழைக்கிறவன் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். வாசகனுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இந்த அளவுகோலில் தி.மு.க.விலிருந்து வெளியே வந்ததற்கு அவர் ஒரு முழுப் புத்தகமே கணக்குக் காட்டினார். நாத்திகத்திலிருந்து திரும்பியதற்குப் பத்துப் பாகம் காட்டினார். அவர் காலத்தில் கட்சி மாறிய எத்தனையோ பேர் ஒரு பக்க அறிக்கைகூட ஒழுங்காக விட்டதில்லை.

இடறுவது எம்.ஜி.ஆர். விஷயத்தில். எம்.ஜி.ஆரைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர், 1978-இல் அவருடைய ஆட்சியில் அரசவைக் கவிஞர் ஆனார். கொடுத்தவர் பெருந்தன்மை என்று அதை எல்லோரும் பாராட்டுவார்கள். வாங்கியவர் பக்கத்து நியாயம் என்ன? ‘வனவாசம்’ போல அதற்கொரு புத்தகம் இல்லை. அந்த இடத்தில் ஏட்டில் ஒரு பக்கம் எழுதப்படாமலே இருக்கிறது.

அதற்கப்புறம் காலமும் அதிகம் இல்லை. 1980-க்கான சாகித்திய அகாதமி விருது ‘சேரமான் காதலி’ என்ற சரித்திர நாவலுக்குக் கிடைத்தது. அரசியல் எழுத்துக்கு எந்த அகாதமி விருது கொடுக்கும்! 1981 அக்டோபர் 17-இல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்து மருத்துவமனையில் இறந்தார். கருணாநிதி இரங்கற்பா எழுதினார். பழைய பகையும் பழைய நட்பும் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் உறவு அது. பிரித்துப் பார்க்க நமக்கு வேலை இல்லை.

இப்போது அவரைப் படிக்கிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கட்டுரைத் தொகுப்புகளில், குறைந்தபட்சம் என் கையில் இருக்கும் பதிப்புகளில், பெரும்பாலான கட்டுரைகளுக்குக் கீழே எந்த இதழில் எந்தத் தேதியில் வந்தது என்ற குறிப்பு இல்லை. அரசியல் கட்டுரைக்குத் தேதி இல்லாவிட்டால் பாதி உயிர் போய்விடும். யாரைத் திட்டுகிறார் என்பது தெரியும், அன்று காலையில் என்ன நடந்ததால் திட்டினார் என்பது தெரியாது. ‘தென்றல்’ இதழ்களைக் கால வரிசையில் வைத்து, தலையங்கங்களை மட்டும் பிரித்து, அடிக்குறிப்போடு ஒரு தொகுப்பு வந்தால் 1954 முதல் 1961 வரையான தமிழ்நாட்டு அரசியலுக்கு அது ஒரு நல்ல ஆவணமாக இருக்கும்.

பழைய இதழ்கள் தப்பிப் பிழைத்திருப்பதே இந்தப் பக்கத்து ஆட்கள் சிலரின் பித்தால்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் பழைய புத்தகமும் பத்திரிகையும் சேர்த்தார், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ்கூட விடவில்லை. 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அந்தச் சேகரிப்பைக் காப்பாற்றியது. இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. சிறுகூடற்பட்டிக்காரர் உயிர் போன நகரமும் கோட்டையூர்க்காரர் சேகரிப்புக்கு உயிர் கொடுத்த நகரமும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். காரைக்குடியில் பழைய வீடுகள் பிரிக்கப்படும்போது தூணும் கதவும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வருகின்றன. பரண் மேலிருந்த காகிதக் கட்டுகள் எடைக்குப் போய்விடுகின்றன. தூணுக்கு விலை தெரிந்த அளவுக்குக் காகிதத்துக்குத் தெரியவில்லை.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர் ‘வனவாச’த்தில் தொடங்கலாம், அதுதான் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கல்லக்குடி அத்தியாயத்துக்கு வரும்போது மட்டும் பக்கத்தில் கருணாநிதியின் ‘நெஞ்சுக்கு நீதி’ முதல் பாகத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே போராட்டம், ஒரே நாள், அடுத்தடுத்த அணிக்குத் தலைமை தாங்கிய இரண்டு பேர், இருவரும் பத்திரிகை ஆசிரியர்கள். யார் எதைச் சொல்கிறார்கள், யார் எதை விட்டுவிடுகிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தால் இரண்டு புத்தகமும் இன்னும் நன்றாக இருக்கும்.